கொள்ளைநோய்க் காலங்களில் நம் கல்வி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் முதலிய ஊர்களுக்கு மாவட்டத் தலைநகர் அருகில் வந்து சேர்ந்தது 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாளில். அன்றுதான் திருநெல்வேலியினின்றும் பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. அதன்பின் நான்கு திங்கள் கழிந்தன. 2020 மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் அதற்கும் ஒரு வாரம் முன்னரே மூடப்பட்டுவிட்டன. இத்தகைய காலத்தை நம் மக்கள் இதற்குமுன் கண்டதில்லை என்று அப்போது பலரும் கூறினர். முதியோரும் கூறினர், செய்தித்தாள்களும் எழுதின. அக்கூற்று முழு உண்மையன்று. நம் சமுதாயத்தின் கல்வி வரலாறு தொடங்கிய நாளிலிருந்தே கொள்ளைநோய் அதன் உடன் நடந்து வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் ஒன்று, மருத்துவமனை ஒன்று என நாம் இன்று பிரித்துப் பார்க்கிறோம். நம் முன்னோர்க்கு அவ்விரண்டும் ஒரே கதவின் இரு பக்கங்களாகவே இருந்தன. அக்கதவு நெடுங்காலம் வெளிப்புறமாகத் தாழிடப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இதற்குச் சான்று வேண்டுவோர் 1855ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். புனே நகரில் சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் 1848இல் பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கினர். பின்னர் மகர், மாங் சமுதாயக் குழந்தைகளுக்கும் பள்ளிகள் நிறுவினர். அங்கே பயின்ற மாங் குலத்து மாணவி முக்தாபாய் சால்வே, பதினான்கு வயதை ஒட்டிய பருவத்தில், தம் மக்களின் துயர் குறித்துக் கட்டுரை ஒன்று எழுதினார். அது 1855இல் 'ஞானோதயா' என்னும் மராத்தி இதழில் வெளிவந்தது. மூன்று ஆண்டுகள் படித்த ஒரு சிறுமி அதில் கேட்ட கேள்விகளுள் ஒன்று நம் கட்டுரைக்கு உரியது. தம் குலத்துப் பெண்கள் மழையிலும் குளிரிலும் கூரையின்றிப் பிள்ளை பெறுகிறார்கள்; பேற்றுக்குப் பின் நோய் கண்டால் மருந்துக்கும் மருத்துவருக்கும் பொருள் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டார். எழுதக் கற்றதும் அப்பிள்ளையின் எழுதுகோல் முதலில் நோயையும் மருந்தையும் நாடியது. நம் கல்வியின் பயனை அளக்க இதைவிட நேரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே புனேயில் பிளேக் நோய் புகுந்தது. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் கண்டறியப்பட்ட அந்நோய், சில திங்களில் புனேயை எட்டிற்று. 1897 பிப்ரவரியில் அரசு கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றியது. (2020இல் நம்மை ஆண்டதும் அதே சட்டந்தான். நூற்றிருபத்து மூன்று ஆண்டுகளில் அரசுக்குப் புதிய சட்டம் ஒன்று தேவைப்படவில்லை போலும்!) வரலாற்றுப் பாடநூல்கள் அந்தப் புனே பிளேக்கைப் பேசும்போது, பிளேக் அதிகாரி ராண்டு அதே ஆண்டு சூனில் சுடப்பட்டதையே விரிவாகப் பேசும். அதே நகரில், அதே நோயின்போது, அறுபத்தாறு வயது மூதாட்டி ஒருவர் செய்த செயலுக்கு அந்நூல்களில் ஒரு வரி கிடைப்பதும் அரிது.

அம்மூதாட்டி சாவித்திரிபாய் பூலே. சோதிராவ் 1890இலேயே மறைந்துவிட்டார். அவ்விணையர் எடுத்து வளர்த்த மகன் யசுவந்து மருத்துவம் பயின்று இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்தவர். தாயும் மகனும் புனேக்கு வெளியே அடப்சர் அருகே பிளேக் நோயாளர்க்கு ஒரு மருத்துவ நிலையம் திறந்தனர். முந்துவா என்னும் சிற்றூரின் மகர் குடியிருப்பில் கெய்க்வாட் குடும்பத்துச் சிறுவன் ஒருவனுக்கு நோய் கண்டிருப்பதை அறிந்த சாவித்திரிபாய், அவனைத் தம் முதுகில் சுமந்து அந்நிலையத்துக்குக் கொண்டு சேர்த்தார். சிறுவன் பிழைத்தான். அவரை நோய் பற்றியது. 1897 மார்ச் 10இல் அவர் உயிர் நீத்தார். எட்டாண்டுகள் கழித்து, 1905இல், மருத்துவர் யசுவந்தும் பிளேக் நோயாளர்க்கு மருத்துவம் செய்து, அதே நோய்க்கு இரையானார்.

சாவித்திரிபாய் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் அல்லர். மாலி என்னும் தோட்டக்கார சமுதாயத்தவர். ஆயினும் தீண்டாதார் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளையைத் தொட்டுத் தூக்கிச் சுமந்த அந்த முதுகின் பெருமையை நம் சமுதாயம் தனக்குரியதாகவே போற்றி வருகிறது. தொட மறுத்தவர்களின் கதையும் நமக்குத் தெரியும் அன்றோ? 1929 டிசம்பரில் காந்தியாரின் 'யங் இந்தியா' ஏட்டில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் கத்தியவாரில் ஒரு தீண்டாதார் பள்ளியின் ஆசிரியர். அவர் மனைவி பிள்ளை பெற்றபின் நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு இசைந்து, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் மட்டுமே பார்ப்பதாகச் சொன்னார். பச்சைப் பிள்ளையுடன் தாய் வெளியே கொண்டுவரப்பட்டாள். வெப்பமானியை மருத்துவர் ஒரு முசுலிம் அன்பரிடம் கொடுத்தார். அவர் ஆசிரியரிடம் கொடுத்தார். ஆசிரியர் தம் மனைவியிடம் கொடுத்தார். அவ்வாறே அது திரும்பிச் சென்றது. நோயாளியைத் தொடாமலே நுரையீரல் அழற்சி என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். மறுநாள் அவ்வம்மை இறந்தார். இக்கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் எடுத்துச் சேர்த்திருக்கிறார். அந்த மனிதர் ஓர் ஆசிரியர் என்பதை இளைஞர்கள் கவனிக்கவேண்டும். கற்றவர், கற்பிப்பவர். ஆயினும் அவருடைய படிப்பு வெப்பமானி வந்த வழியை மாற்றவில்லை. கல்வி ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று மேடையில் முழங்குவோர் இந்நிகழ்ச்சியை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

இனி, அண்ணலின் வாழ்க்கையையே கொள்ளைநோயின் பின்னணியில் நோக்குவோம். அவ்வாறு நோக்குவோர் மிகச் சிலரே. பம்பாய்ப் பிளேக்கின் விளைவாக 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நெருக்கடி மிகுந்த சந்துகளை இடித்து, தொழிலாளர்க்கு வரிசை வீடுகள் கட்டுவது அதன் பணிகளுள் ஒன்று. பரேல் பகுதியில் அவ்வறக்கட்டளை கட்டிய குடியிருப்பு ஒன்றில்தான் அம்பேத்கர் 1912 முதல் 1934 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், குடும்பத்துடன் வாழ்ந்தார். அமெரிக்காவுக்குப் படிக்கப் புறப்பட்டது அவ்வீட்டிலிருந்து. இலண்டனிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பி வந்ததும் அவ்வீட்டுக்கே. பிளேக் கட்டிய வீடு என்று அதைச் சொல்வது மிகையாகாது.

பரோடா மன்னர் அளித்த உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் இலண்டன் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு அவர் 1917இல் தாயகம் திரும்பினார். பரோடாவில் அலுவல் ஏற்றபோது தங்க ஓர் இடமின்றி விரட்டப்பட்ட கதையை இம்மலரின் வாசகர் அனைவரும் அறிவர். அடுத்த ஆண்டு, 1918 சூனில், பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இன்புளுவென்சா நாட்டில் நுழைந்தது. செப்டம்பரில் அது இரண்டாம் முறை எழுந்து பேருருக் கொண்டது. அக்டோபர் 6ஆம் நாள் ஒன்றில் மட்டும் பம்பாயில் 768 பேர் மாண்டனர். இந்திய நாடு முழுவதிலும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு பருவமழையும் பொய்த்தது. தானிய விலை ஏறியது. பட்டினியும் காய்ச்சலும் கைகோத்து நடந்தன.

அந்நோயில் பம்பாய் நகரச் சுகாதாரத் துறை தொகுத்த கணக்கு ஒன்று உண்டு. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3 பேர் இறந்தனர். பார்சிகள் 9 பேர். மேற்சாதி இந்துக்கள் 18.9 பேர், தாழ்ந்த சாதியினர் என்று அக்கணக்கு குறித்த நம் மக்கள் 61.6 பேர். நோய்க்குச் சாதி தெரியாது என்பர். நோய்க்குத் தெரியாமல் இருக்கலாம். ஓர் அறையில் பத்துப் பேர் படுத்திருப்பதும், காய்ச்சலோடு வேலைக்குப் போவதும், கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாததும் சாதியைத் தெரிந்தே வைத்திருந்தன. அந்த 61.6 என்னும் எண்ணை நம் பிள்ளைகள் வாய்ப்பாடு போல் மனத்தில் இருத்தவேண்டும்.

இந்தச் சாவுகளின் நடுவே, பரேலின் அந்தக் குடியிருப்பில் இருந்தவர் என்ன செய்தார்? 1918 நவம்பரில் சிடன்காம் வணிகக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். திங்கள் ஊதியம் 450 ரூபாய். அதே ஆண்டு இந்தியாவின் சிறு நிலவுடைமை குறித்த அவருடைய ஆய்வுரை அச்சேறியது. 1919 சனவரியில் வாக்குரிமை ஆராய்ந்த சவுத்பரோ குழுவின்முன் சாட்சியம் அளித்தார். 1920 சனவரி 31இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதற்குக் கோலாப்பூர் சாகு மகாராசர் பொருளுதவி செய்தார். மார்ச்சில் மாங்கான் மாநாட்டில் தலைமை ஏற்றார். ஊதியத்தில் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தையும் நண்பரிடம் பெற்ற கடனையும் கொண்டு 1920 சூலையில் மீண்டும் இலண்டனுக்குக் கப்பல் ஏறி, நிறுத்திய படிப்பைத் தொடர்ந்தார். இவ்வளவும் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடிய காலத்தையும், அதன் சுவடு அழியாத அடுத்த பதினெட்டுத் திங்களையும் சேர்ந்தவை. இடைநின்ற படிப்பை மீண்டும் தொடர்ந்த மாணவர் என்ற முறையில் அண்ணலை நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து. மாமேதை என்று மாலை சூட்டிவிட்டால், நம் பிள்ளை ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டு நூற்பாலைக்குப் போகும்போது அவனிடம் சொல்ல நமக்கு ஒன்றும் இருப்பதில்லை.

சென்னை மாகாணத்தில் அக்காலம் எவ்வாறு இருந்தது என்பதைச் சுருங்கக் கூறுவேன். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். பள்ளியும் நடத்தினார், இதழும் நடத்தினார். மருந்துப் பெட்டியும் கரும்பலகையும் ஒரே மனிதரின் கையில் இருந்தமைக்கு அவரும் ஒரு சான்று. கர்னல் ஆல்காட்டு 1894இல் அடையாற்றை ஒட்டிய ஊரூரில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். சுவாமி சகசானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அவருடைய பள்ளி முளைவிட்ட இரண்டாம் ஆண்டிலேயே 1918 வந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் சென்னை அரசு தாழ்த்தப்பட்டோர் நலனைத் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைத்தது. அவ்வலுவலகம் திறந்த பள்ளிகளின் வழிவந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2020இல் மாநிலம் எங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆதிதிராவிடர் நல விடுதிகள் மூடப்பட்டன. விடுதி மூடப்பட்டது என்றால் வெளியார்க்கு ஒரு கட்டடம் மூடப்பட்டதாகவே தோன்றும். நம் பிள்ளைக்கு அது மூன்று வேளை உணவு, மின்விளக்கு, மேசை, படிக்கிறாய் என்று யாரும் வேலைக்கு ஏவாத ஓர் இடம் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் போனதாகும். பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியில் வந்தன, கைப்பேசியில் வந்தன. ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால் அது தந்தையுடன் வேலைக்குப் போய்விடும். 2020 சூன் 9இல் பத்தாம் வகுப்புத் தேர்வு கைவிடப்பட்டு அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மறுஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் அவ்வாறே கைவிடப்பட்டது. "கொரோனா பாஸ்" என்று அவர்களை ஊரார் நகையாடினர். அந்நகைப்பு நியாயமற்றது. தேர்வு நடத்தாதது அப்பிள்ளைகளின் குற்றமன்று. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1ஆம் நாளில்தான். ஆறு வயதில் முதல் வகுப்புக்குப் பெயர் கொடுத்த குழந்தை ஏழு வயது கடந்த பின்னரே பள்ளியின் உள்ளே கால் வைத்தது.

பட்டப் படிப்பும் பள்ளிப் படிப்பும் பேசப்பட்ட அளவுக்குச் சமுதாயக் கல்லூரிகள் அக்காலத்தில் பேசப்படவில்லை. அமெரிக்காவில் 1901இல் சோலியட்டு நகரில் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரியின் வழிவந்த கருத்து இது. புதுச்சேரியில் 1995இலும் சென்னையில் 1996இலும் இக்கல்லூரிகள் முளைத்தன. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்சு இதனைத் தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் பரப்பினார். பள்ளியை இடையில் விட்டவர், மணமான பெண், வயது கடந்தவர் எவரும் சேரலாம். கட்டணம் குறைவு. ஓராண்டில் வாழ்வுத்திறனும் தொழில்திறனும் கற்பித்து, பணியிடத்திலேயே பயிற்சியும் தருவது இதன் முறை. அங்குக் கற்பிக்கப்படும் தொழில்களுள் மருத்துவ உதவியாளர் பயிற்சி ஒன்று. குளிர்சாதனப் பொறி பழுதுபார்த்தல், தையல், உணவுத் தயாரிப்பு, கணினி முதலியனவும் உண்டு. இவற்றைக் கைப்பேசித் திரையில் கற்க இயலாது. ஊசி போடும் கையும் பொறியைக் கழற்றும் கையும் பழகவேண்டும். ஆதலின் ஊரடங்கு இக்கல்லூரிகளைப் பிறவற்றினும் கடுமையாகத் தாக்கியது. அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. 2020 இலையுதிர் பருவத்தில் அங்குச் சமுதாயக் கல்லூரிகளில் சேர்ந்தோர் தொகை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைந்தது. நான்காண்டுப் பல்கலைக்கழகங்களில் அத்தகைய சரிவு ஏற்படவில்லை. ஏழையின் கல்லூரி எந்த நாட்டிலும் முதலில் காலியாகிறது.

ஆனால் மறுபக்கம் ஒன்று உண்டு. அக்கல்லூரிகளிலும் செவிலியர் பள்ளிகளிலும் முன்னரே பயின்று வெளியேறியவர்களைத்தான் அந்நாளில் நாடு தேடியது. பிராணவாயுக் குழாயைப் பொருத்தியவரும், படுக்கை விரித்தவரும், இறந்தாரைத் துணி சுற்றித் தந்தவரும் பெரும்பட்டம் பெற்றவர் அல்லர். ஓராண்டும் மூன்றாண்டும் தொழில் கற்றவர்களே. தமிழக அரசு பெருந்தொற்றின்போது ஒப்பந்த முறையில் அமர்த்திய செவிலியருள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. அவர்கள் தெருவில் அமர்ந்து போராடினார்கள். கைதட்டி வாழ்த்தப்பட்டவர்களின் கதை இவ்வாறு முடிந்ததை இளைஞர்கள் அறியவேண்டும். தொழிற்கல்வி பெறுவோர், பணி நிரந்தரம் குறித்த அரசாணைகளையும் உடன் படித்து வைப்பது தவறன்று.

அக்காலத்தில் அரசுகள் செய்த நல்லன சிலவற்றையும் மறைக்கலாகாது. கல்லூரி மாணவர் 9,69,000க்கு மேற்பட்டோர்க்கு 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு இரண்டு ஜி.பி. இணைய வசதி இலவசமாகத் தரப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. இவற்றினும் நமக்கு நெருக்கமானது பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை. அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது 1944இல் தொடங்கப்பெற்ற திட்டம் அது. மைய அரசின் பங்கு தேய்ந்து, பல மாநிலங்களில் அது மூச்சுத் திணறிக் கிடந்தது. 2020 டிசம்பர் 23இல் மைய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, மையமும் மாநிலமும் 60க்கு 40 என்று பங்கிடவேண்டும் என வகுத்தது. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் இதற்கு உரியவர். பெருந்தொற்றின் இரைச்சலில் இச்செய்தி நம் தெருக்களுக்குச் சரிவர வந்து சேரவில்லை.

இறுதியாக, சாவித்திரிபாயின் வழியை இக்காலத்தில் ஊர்தோறும் காட்டியவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகள் இருபது பேரளவில் கூட்டி, மாலையில் ஒன்றரை மணி நேரம் கற்பிக்க அந்தந்த ஊரின் படித்தவர்களே தன்னார்வலர்களாக வந்தனர். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அவருள் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். கிடைத்த ஊக்கத்தொகை திங்களுக்கு ஆயிரம் ரூபாய். வீட்டுத் திண்ணையும் கோயில் மண்டபமும் சமுதாயக் கூடமும் வகுப்பறையாயின. படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறாள் என்று வீட்டில் இடித்துரைக்கப்பட்ட பெண், தெருவுக்கு ஆசிரியை ஆனாள்.

இதன் பயனை ஆய்ந்தறிந்தவர்களும் உண்டு. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய உடன் ஆய்வாளரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்க் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். 2021 டிசம்பரில் குழந்தைகள், பெருந்தொற்றுக்கு முன் அதே வயதினர் இருந்த நிலையைவிடக் கணக்கிலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். பள்ளி திறந்து ஆறு திங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திண்ணை வகுப்புகளால் விளைந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அவ்வகுப்புகளுக்கு மிகுதியாக வந்தனர் என்பதும் அவ்வாய்வின் முடிபு.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. 1897இல் காப்பாற்றப்பட்ட சிறுவனின் குடும்பப் பெயரும் ஊரும் நமக்குக் கிடைத்தன. 1918இல் மாண்ட நம் மக்களுக்கு ஓர் எண் மட்டுமே மிஞ்சியது. ஆகவே நம் நூலகத்தில் ஒரு பேரேடு திறக்கவேண்டும். 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை இவ்வட்டாரத்துத் தெருக்களில் எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் இருந்தது, யார் படிப்பை விட்டார், விட்டவருள் யார் மீண்டும் சேர்ந்தார், யார் மருத்துவமனையில் பணி செய்தார், யார் திண்ணையில் வகுப்பு எடுத்தார் என்பவற்றை வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதவேண்டும். அந்நாளில் பத்தாம் வகுப்பில் இருந்தோர் இன்று இருபது வயதைக் கடந்துவிட்டனர். பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளத்துக்கும் சென்றுவிட்டனர். பொங்கலுக்கு அவர்கள் ஊர் திரும்பும் நான்கு நாள்களே இதற்கு வாய்த்த காலம்.